நான்கு புதூரும் ஒரு கிண்ணம் சேமியாவும்

எனக்கு ஜெர்மன் தெரியும் என்றால் மல்லசமுத்திரத்தில் ஒருவரும் நம்புவதில்லை. என் வீட்டுக்காரி சௌந்திரமே நம்பியதில்லை. பட்டாளத்தில் சேர்ந்து, ஆப்பிரிக்க மணலில் பிடிபட்டு, யுத்தம் முடிகிறவரை ஜெர்மனியில் கைதியாக இருந்தவன் நான். எந்த ஊர் என்று அங்கே ஓர் அதிகாரி கேட்டார். நம் பக்கத்து ஆள் எவன் வெளியூரில் சொந்த ஊர்ப் பேரைச் சொல்லியிருக்கிறான்? பக்கத்து டவுனைத்தானே சொல்வோம். சேலம் என்றேன். அவர்கள் நாட்டிலும் ஒரு சேலம் இருக்கிறதாம். வெயிலில் ரொம்ப நேரம் நின்றுவிட்ட உள்ளூர்க்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைச் சமையல் கூடத்தில் விட்டார். அதனால் என்னுடையது சமையல் கூடத்து ஜெர்மன். உப்பு, வெங்காயம், அடிப்பிடித்த பானை, இன்னும் கொஞ்சம் ஊற்று. சாக்கிலும் டப்பாவிலும் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் பழகிக்கொண்டேன்.

எண்பத்தொன்றாம் வருஷம் என் வாயில் பல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. பல் கட்டச் சேலத்தில் லியூ டாக்டரிடம் போனேன். அவர் அப்பா சீனாவிலிருந்து வந்தவர். டாக்டர் பிறந்தது சேலத்தில். கண்ணை மூடிக்கொண்டு பேச்சைக் கேட்டால் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி என்றுதான் சொல்வீர்கள்.

அளவெடுக்க வாய் நிறைய மாவை அப்பி, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்ச் சுவரில், கையால் வரைந்த ஒரு வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வேறு வேலை இல்லாததால் படித்தேன். மாவை எடுத்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "அது உப்புச் சந்தைங்க."

டாக்டர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

பிறகு விஷயம் வெளியே வந்தது. சீனாவில் ஒரு ஜெர்மன் டாக்டர் கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்த்திருக்கிறார். லியூவின் அப்பாதான் அவருக்குப் பெட்டி தூக்கியவர். பல் வைத்தியம் கற்றதும் அவரிடம்தான். சீன ஊர்ப் பேர்கள் அந்த ஜெர்மன்காரர் நாக்கில் நிற்கவில்லை. ஒவ்வொரு பேருக்கும் அர்த்தம் கேட்டு, அதை ஜெர்மனில் வரைபடத்தில் எழுதிக்கொண்டார். நம் பனமரத்துப்பட்டியைப் பனைமரத்து ஊர் என்று எழுதுகிற மாதிரி. ஊருக்குத் திரும்பும்போது படத்தை உதவியாளுக்கே கொடுத்துவிட்டார். லியூவின் அப்பா காலமான பிறகு அதைப் படிக்க அந்த வீட்டில் ஆளில்லை.

லியூவின் அம்மா மாடியில் இருந்தார். கல்யாணமாகி வந்தபோது விட்டு வந்த தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று தெரிய வேண்டும். அந்த அம்மாவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்தது. உறவுகளைத் தேடித் தரும் ஹாங்காங் சங்கம் ஒன்று பதில் எழுதியிருந்தது: நீங்கள் சொல்லும் ஊர்ப் பேர் அந்த மாகாணத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கிறது, பக்கத்தில் என்ன ஏரி, என்ன சந்தை என்று இங்கிலீஷில் எழுதுங்கள். ஊர்ப் பேரின் அர்த்தம் புதூர். நம் ஜில்லாவில் வெறும் புதூர் என்று கடிதம் போட்டால், அது தபால்காரர் ஓய்வு பெறுகிறவரை சுற்றும். அந்த அம்மாவுக்கோ வழி தெரியாது. ஊரை விட்டு வந்தது ஒரே தடவை, மணப்பெண்ணாக, நாலு பக்கமும் துணி மூடிய பல்லக்கில்.

நான் ஜெர்மனைப் படித்துத் தமிழில் சொல்கிறேன் என்றேன். டாக்டர் ஒரு கல்லூரியிலிருந்து ஜெர்மன் அகராதி வாங்கி வந்தார். மாடியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். நாரை ஏரி, மூணு கிணறு, நொண்டிச் சாமியார் பாலம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, டாக்டர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். அந்த ஊர்களிலேயே மனசு கிடந்ததில், ஒரு நாள் ராசிபுரம் பஸ்ஸில் உப்புச் சந்தைக்கு ஒரு டிக்கெட் கேட்டுவிட்டேன். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார். இறங்கிப் பார்த்தால் உப்புத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் புதூருக்கு வந்தோம். படத்தில் நான்கு புதூர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.

டாக்டர் பேனாவை மூடினார். "நாலையுமே எழுதிப் போட்டர்லாமுங்களா, கவுண்டரே?"

"நாலு ஊர்லயும் தங்கச்சி இருப்பாளா?" என்றார் அம்மா.

மூன்றாவது புதூருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது. அது ஊர்ப் பேரில்லை, விட்டுவிடலாம் என்றார் டாக்டர். நான் பார்த்தேன். இவ்வளவு நாளும் அகராதியைப் புரட்டிப் புரட்டி முழித்தவன், இந்த வரிக்கு அதைத் தொடவே இல்லை.

"சோத்தைப் பத்தி எழுதியிருந்தா நான் உட மாட்டேனுங்க" என்று சொல்லிப் படித்தேன். "இங்க சேமியா நல்லாருக்கும். ஊட்டுக்காரம்மா கேக்காமயே இன்னுங் கொஞ்சம் ஊத்துவாங்க."

அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அது எங்கம்மா" என்றார். "கேக்காமயேதான் ஊத்துவா, சாமி. செந்தாடி வெச்ச வெள்ளைக்காரரு, வந்தா எங்கூட்லதான் திம்பாரு. பொட்டி தூக்கிட்டு வந்த ஆளுக்கும் ஊத்துனா. அப்பறம் என்னையும் அந்த ஆளுக்கே குடுத்துட்டா."

அவர் அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தார். சாப்பிடக் கூப்பிடும்வரை எடுக்கவில்லை.

மூன்றாவது புதூர், நாரை ஏரிக்கு வடக்கே, பாலத்துக்கு மேற்கே, உப்புச் சந்தையிலிருந்து அரை நாள் நடை என்று இங்கிலீஷில் எழுதிப் போட்டோம். சேமியா வரியையும் சேர்க்கச் சொன்னேன். டாக்டர் கூச்சப்பட்டார், ஆனாலும் சேர்த்தார்.

இதற்கு நடுவில் எனக்குப் பல் வந்துவிட்டது. அந்தப் பல்லைப் பற்றி அதிகம் சொன்னால் பெருமை அடிப்பதாகிவிடும். நிலக்கடலையைக் கடித்தால் தொலி மட்டும் இரண்டாகும், பருப்பு கீறல் இல்லாமல் உருண்டு வரும். கரும்பு ஆலைக்காரர் ஒருவர் சீசனுக்கு மட்டும் வாடகைக்குக் கேட்டார். தரவில்லை.

ஐப்பசி மழை விட்ட பிறகு லியூ டாக்டர் ஆள் விட்டிருந்தார். சௌந்திரத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். தங்கை இருக்கிறாள். அதே ஊர், அதே வீடு, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஊருக்கு இப்போது பேர் வேறாம். ஏரியையும் பாலத்தையும் வைத்து ஊரைப் பிடித்த சங்கத்துக்காரர்கள், யார் வீட்டில் சேமியா நன்றாக இருக்கும் என்று விசாரித்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே வீட்டுக்குக் கை காட்டினார்களாம். அங்கிருந்து கடிதமும் வந்திருந்தது, காய வைத்த சேமியா ஒரு பொட்டலமும் வந்திருந்தது.

அந்த அம்மாவே சமைத்தார். திரும்பி வரும்போது சௌந்திரம் பஸ்ஸில் என்னிடம், "நீங்க செர்மனிக்குப் போனது நெசந்தானுங்களா?" என்று கேட்டாள். அதுவரை அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

பேர் தெரியாத அந்த டாக்டரையும், அவருக்குப் பசித்த நேரத்தையும், என்னைச் சமையல் கூடத்தில் விட்ட அதிகாரியையும் நான் தினமும் சாப்பிட உட்காரும்போது நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு முதல் கிண்ணம் முடிந்ததும், நான் கேட்காமலே அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குழைய வெந்திருந்தது. பல்லுக்கு வேலையே இல்லை. இருந்தாலும், பக்கத்தில் டாக்டர் இருந்தாரே, மரியாதைக்காக மென்றேன்.