ஐம்பத்தாறும் நாற்பத்தாறும்

டாக்டர் பெர்திவி சொன்னதில் பாதி லஸ்மிக்குப் புரியவில்லை. புரிந்த பாதியோ தலைகீழாக நின்றது.

"கணக்கு சரியா இருக்கு, இபு," என்று மரியாதையாக அம்மா போட்டே பேசினார் டாக்டர். "நாப்பத்தாறு. மனுசங்க எல்லாருக்கும் இருக்கவேண்டிய குரோமோசோம் அவ்வளவுதான். அதுதான் எனக்குக் கவலையா இருக்கு."

"சரியா இருந்தா எதுக்கு டாக்டர் கவலை?"

"ரத்தப்புற்று செல்லுல ஏதாவது கோளாறு தெரியணும். சில கோளாறு கெட்டது, சிலது நல்லது. உங்க பொண்ணுக்கு நல்ல கோளாறு இருந்தா லேசான மருந்தே போதும். இங்க ஒண்ணுமே தெரியல. அதனால நாளைக்குக் காலையில கடுமையான மருந்தைச் சேர்க்கணும். இதயத்தைக்கூட அது பாதிக்கலாம். வேற வழியில்ல."

நல்ல கோளாறாம்! கோளாறில் நல்லது வேறு உண்டா? லஸ்மி ஒன்றும் விவரம் கெட்டவள் அல்ல. சோயாவைப் புளிக்கவைத்து வாழை இலையில் கட்டிய தெம்பே விற்கிறவள். கூடையைத் தூக்கிப் பார்த்தே நூறு பொட்டலத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடுவாள். எண்ணிக்கை சரியாக இருந்தால் நிம்மதி, தப்பினால் வம்பு. இங்கே என்னடா என்றால், எண்ணிக்கை சரியாக இருப்பதற்காக மகளுக்கு விஷம் ஏற்றப் போகிறார்கள்.

"மறுபடியும் கேக்குறேன்," என்றார் டாக்டர். "இங்க வர்றதுக்கு முன்னாடி வேற எங்கேயாவது காட்டினீங்களா? மாத்திரை ஏதாவது குடுத்தாங்களா?"

"இல்ல டாக்டர்."

இதோடு மூன்றாவது தடவை. மூன்றும் பொய்.

ஐந்து வயது வரை அந்தக் குழந்தையின் பெயர் பிரபானிங்ராத். அரண்மனைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் பெயர். அப்பன் வாகிமன் கொத்தனார், ஆசைப்பட்டு வைத்துவிட்டான். காய்ச்சல், ஈறில் ரத்தம், காலெல்லாம் நீலத் திட்டு என்று வந்தபோது மலைப்பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்து ஜோக்ஜா நகரத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்று சொல்லி ஒரு வெள்ளை மாத்திரையும் கொடுத்தார்கள். அதற்குள் வாகிமனின் பெரியப்பா வந்து பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். "செங்கல் தூக்குறவன் வீட்டுல ராஜா வீட்டுப் பேரு! பிள்ளை எப்படிடா தாங்கும்? பேரு கனம், அதான் மடங்குது," என்றார்.

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள். சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சி அக்கம்பக்கம் கொடுத்து, விலுஜெங் என்று பெயரை மாற்றினார்கள். சௌக்கியம் என்று அர்த்தம். எடையே இல்லாத பெயர். இனிமேல் பழைய பெயரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நோய் திரும்பி வந்துவிடும். வாகிமன் ஒரு படி மேலே போய் செல்போன் நம்பரையே மாற்றிவிட்டான். பிறப்புச் சான்றிதழ் எடுத்திருக்கவில்லை. ஊர்த் தலைவர் கொடுத்த கடிதத்தில் புதுப் பெயரே ஏறிக்கொண்டது.

இரண்டு வாரம் பிள்ளை தேறியது, கன்னம்கூட உப்பியது. பெயரின் மகிமை என்றார்கள். மாத்திரை தீர்ந்தது, முகம் மறுபடி வெளுத்தது. அப்போதுதான் ஜோக்ஜாவில் இருக்கும் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். புதுப் பெயர், புது அட்டை, புதிதாக ஒரு தடவை மஜ்ஜை. அன்றிலிருந்தே லேசான மருந்து ஏறி, பிள்ளையின் முடியும் கொட்டிவிட்டது. பழைய சீட்டை லஸ்மி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு வந்திருந்தாள்.

புதுப் பெயர் பிடிக்காத ஒரே ஆள் குழந்தைதான். முன்பெல்லாம் பெயரைச் சொன்னால் போதும், கற்றுக்கொடுத்த மரியாதையோடு "டாலெம், மாக்!", இதோ வந்தேன் அம்மா, என்று ஓடிவரும். இப்போது விலுஜெங் என்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. "அது யாரு?" என்கிறது. லஸ்மியும், பெண்பிள்ளைகளை எல்லாரும் அழைப்பதுபோல், "ந்துக், ந்துக்" என்றே காலத்தை ஓட்டிவந்தாள்.

கதவைத் தட்டிக்கொண்டு பரிசோதனைக்கூடத்து பாக் தர்யோனோ, தர்யோனோ ஐயா, வந்தார். இருபது வருடமாகக் குரோமோசோம் எண்ணி எண்ணிக் கண் இடுங்கிப்போன மனிதர். கையில் ஒரு தாள்.

"டாக்டர், இந்தக் குழந்தையை இன்னும் காணோம். மலைப்பக்கத்துல இருந்து வந்த மஜ்ஜை. போன் போட்டா அப்படி நம்பரே இல்லங்குது. அம்பத்தாறு, டாக்டர்! முத்து முத்தா அம்பத்தாறு!"

"பத்து கூடவா?" டாக்டரின் முகம் மலர்ந்தது. "அடடா, அதிர்ஷ்டக்காரக் குழந்தை! லேசான மருந்துலயே எந்திரிச்சிடுமே."

"எங்க எந்திரிக்கிறது? அப்பனும் ஆத்தாளும் தூக்கிட்டு ஓடிட்டாங்க. மந்திரம் தந்திரம்னு எந்த மூலையில உக்காந்திருக்காங்களோ, அறிவுகெட்ட ஜென்மங்க. பேரு மட்டும் பாருங்க எப்படின்னு, பிர—"

"சொல்லாதீங்க!" என்று லஸ்மி கத்திவிட்டாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். "தலை சுத்துது," என்று ஏதோ உளறினாள். உண்மையிலேயே சுற்றியது. பத்து கூடினால் அதிர்ஷ்டமாம், சரியாக இருந்தால் ஆபத்தாம். கூடின பத்தையும் அந்தப் பழைய பெயரே சுமந்துகொண்டு தொலையட்டும், என் மகளுக்கு நாற்பத்தாறு போதும் என்று ஒரு கணம் உள்ளுக்குள் நினைத்தாள். அப்படியானால் நாளைக் காலை மருந்து யார் உடம்பில் ஏறும்?

"டாக்டர், ஒரே பிள்ளைக்கு நாப்பத்தாறும் இருந்து அம்பத்தாறும் இருக்குமா?"

"இருக்கும். நல்ல செல்லுல நாப்பத்தாறு, புற்று செல்லுல அம்பத்தாறு. முன்னாடியே மாத்திரை குடுத்திருந்தா புற்று செல்லு பெரும்பாலும் செத்திருக்கும். நல்ல செல்லு மட்டும்தான் எங்க கண்ணுல படும், நாங்க ஏமாந்துடுவோம். அதுக்குத்தான் உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏன்?"

லஸ்மி பாக் தர்யோனோவின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பாக் தர்யோனோ பெருமூச்சு விட்டார். "சரி, இதைக் கோப்புல போட்டு மூடிடுறேன்," என்று தாளை மடித்தார். டாக்டர் பேனாவை எடுத்து விலுஜெங்கின் மருந்துச் சீட்டைப் பக்கத்தில் இழுத்தார். பெயரைச் சொன்னால் நோய் வரும். சொல்லாவிட்டால் அந்த மருந்து வரும். இரண்டும் போய்ச் சேருவது ஒரே சின்ன உடம்பில்தான். பாவி, எதற்கடி இந்தப் பிறப்பு என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"மூடாதீங்க, பாக். அந்த அறிவுகெட்ட ஜென்மம் நான்தான்."

பாக் தர்யோனோ நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் பேனாவை வைத்தார். லஸ்மி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்: கஞ்சி, கடிதம், மாத்திரை, அரிசிப் பானை. டாக்டருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. மூன்று தடவை கேட்டவர் இல்லையா? ஆனாலும் குரலை உயர்த்தாமல் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"மருந்தை மாத்துற விஷயம், இபு. சும்மா சொன்னா நான் எழுத முடியாது. இந்தத் தாள்ல இருக்கிற பேரை நீங்க சொல்லணும்."

லஸ்மி வாயைத் திறந்தாள். வரவில்லை. ஒன்றரை மாதமாக விழுங்கி விழுங்கி வைத்த பெயர் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது.

"எழுதிக் காட்டட்டுமா?"

"எழுதுங்க, தாராளமா."

காகிதத்தில் பேனாவை வைத்தாள். எழுதினால் மட்டும் நோய்க்குப் படிக்கத் தெரியாதா? இப்படி ஒளித்து ஒளித்துத்தானே பிள்ளையை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம்? பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

தாழ்வாரத்தின் கடைசியில் வாகிமன் கிண்ணமும் கரண்டியுமாகக் குந்தியிருந்தான். குழந்தை அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "விலுஜெங், ஒரே ஒரு வாய், கண்ணு," என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். அது திரும்பவில்லை.

லஸ்மி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வருவது எதுவாக இருந்தாலும் முதலில் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று வழியை மறித்து நின்றாள்.

"பிரபானிங்ராத்!"

வாகிமனின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "ஏய், உனக்கு என்ன பைத்தியமா?" என்று பாதி எழுந்தான்.

குழந்தை சட்டென்று திரும்பியது. மொட்டைத் தலை, உப்பிய கன்னம், வாயெல்லாம் சிரிப்பு.

"டாலெம், மாக்!"

ஊசி குத்திய கையைத் தூக்கிப் பிடித்தபடி, ஓட முடியாத காலோடு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. உள்ளே தாளைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது. தான் பிள்ளையைக் கூப்பிட்டாளா, நோயைக் கூப்பிட்டாளா என்று அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை.

"மாக்," என்றது குழந்தை அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "இன்னொரு தடவ கூப்பிடு."