ராமாமணியின் புதுக் கையெழுத்து

என் அக்காவுக்கு வரும் கடிதங்களை நான் பிரிப்பேன். எனக்கு வருபவற்றை அவள் பிரிப்பாள். ராமாமணி, நாகமணி என்று பெயர் வைத்து, பெரியமணி, சின்னமணி என்று கூப்பிட்டு எங்களை வளர்த்தார்கள். இரண்டு பேருக்கும் பதினொரு நிமிட வித்தியாசம். அதற்காக முப்பத்துநாலு வருஷமாக அவளை அக்கா என்கிறேன்.

ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குத்தான் இருவரையும் கொடுப்பேன் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். பொள்ளாச்சி வரை தேடியும் அப்படி ஒரு வீடு அமையவில்லை. அவரும் அம்மாவும் போன பிறகு பீளமேட்டு வீட்டில் நாங்கள் மட்டும் இருந்தோம். அவளுக்கு வங்கியில் கிளார்க் வேலை. எனக்குப் பஞ்சாலையில், நூலைச் சோதிக்கும் லேபில். சேலைகள் ஒரே பீரோவில்தான். காலையில் யார் முதலில் திறக்கிறாளோ அவளுக்கு நல்லது கிடைக்கும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மில்லிலிருந்து திரும்புவதற்காக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். அக்காவின் வங்கியில் தலைமைக் காசாளராக இருக்கும் கோவிந்தராஜுலு, கையில் கல்யாணத் தாம்பூலப் பையோடு வந்தார். நான்கு நாள் லீவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தாராம்.

"ஏனுங்க அம்மணி, பவானியில ஊடு பாத்தாச்சுங்களா?"

எங்களை மாற்றி நினைத்துப் பேசுகிறவர்களை நாங்கள் திருத்துவதில்லை. திருத்துகிற நேரத்தில் பேசியே முடித்துவிடலாம் என்று அம்மா சொல்வாள். பேசிவிட்டு வந்து, வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

"வெரசாப் பாத்துப்போடுங்க. ஆபீசராப் போறவிங்க தெனமும் பஸ்ஸுல போயிட்டு வர முடியுங்களா? அங்க போனதும் நம்மூட்டுக்கு ஒரு நல்ல ஜமக்காளம் பாத்து வையுங்க." சிரித்தவர், குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சிகிட்டச் சொல்லீட்டீங்களா?"

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல ரோட்டுப் பக்கம் திரும்பினேன்.

"இன்னும் இல்லையா? லீவுக்கு முன்னால கேட்டப்பவும் பயமா இருக்குதுன்னீங்க. அந்தப் புள்ள என்ன, கடிச்சா வெச்சுரும்?"

"கடிக்காதுங்க."

"அப்பச் சொல்லிப்போடுங்க. சம்மதமுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க, சரி. மனசு மாறுச்சுன்னா திங்கக்கெழமைக்குள்ள மறுத்து எழுதோணும். ஆனா ஏற்கனவே ஒருக்கா வேண்டாமுன்னவிங்க நீங்க. இன்னொருக்கா வேண்டாமுன்னா அப்பறம் கூப்புடவே மாட்டாங்க."

"இன்னிக்கே சொல்லிடறனுங்க" என்றேன். அக்காவின் குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். எனக்கென்று வேறு குரல் எதுவும் அப்போது வரவில்லை.

பஸ்ஸில் முதலில் கோபம் வந்தது. அது ஹோப் காலேஜ் ஸ்டாப் வரைக்கும்கூட நிற்கவில்லை. அதற்குள் நான் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன். பவானிக்குப் பக்கத்தில், ஈரோட்டிலும் நூல் மில்கள் உண்டு. அனுபவம் இருக்கிறது, வேலை கிடைக்கும். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம்.

வீட்டில் அக்கா இல்லை. ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள். முகம் கழுவாமல் மேஜைமுன் உட்கார்ந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பும் இதே மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினேன். அப்போது அக்காவுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைமேல் படுத்திருந்தாள். பதவி உயர்வு, சேலத்துக்கு மாற்றல் என்று கடிதம் வந்தது. பதில் சொல்லக் கெடு ஐந்து நாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக இதை ஏற்க இயலவில்லை என்று எழுதி, ரா. ராமாமணி என்று கையெழுத்தும் நானே போட்டு அனுப்பினேன். கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் ஒருவருக்காக ஒருவர் போட்ட கையெழுத்துதான். கள்ளக் கையெழுத்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. கஞ்சி ஊட்டும்போது அவளிடம் சொன்னேன். "சரி, உடு" என்றாள். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இந்த முறை கடிதம் வீட்டுக்கு வரவில்லை, வங்கியிலேயே அவள் கையில் கொடுத்திருக்க வேண்டும். இப்போது ஒரு தாளை எடுத்து அதே வாக்கியத்தை எழுதினேன். கொடுப்பதற்காக எழுதினேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. எழுத வேண்டும்போல இருந்தது, எழுதினேன். மேலாளரின் விலாசத்துக்காக அக்காவின் டிராயரை இழுத்தேன். அவள் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தின் நகல் மேலாகவே இருந்தது.

அதன் அடியில் இருந்த கையெழுத்து எனக்குத் தெரியாதது.

ஆங்கிலத்தில், வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு பின்னால் ஓடிவந்து பெயருக்கு அடியில் மடங்கியிருந்தது. அதைப் பார்த்து ஒரு பழைய காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கோடு மடங்கவில்லை. நாலைந்து முறை போட்டேன். கை அவளுடைய கை மாதிரியேதான் இருந்தது, எழுத்து வரவில்லை.

"என்ன பண்ணீட்டிருக்க?"

சர்க்கரைப் பையோடு அக்கா வாசலில் நின்றாள். நான் எதையும் மறைக்கவில்லை. அவள் அருகில் வந்து, மறுப்புக் கடிதத்தைப் படித்தாள். அப்புறம் என் கோணல் கையெழுத்துகளைப் பார்த்தாள்.

"கோட்டைக் கடைசியில போடக்கூடாது. மொதல்லயே போட்டுறோணும்" என்றாள்.

"எப்ப மாத்துன?"

"அம்மை எறங்கி வேலைக்குப் போன அன்னிக்கே. மாதிரிக் கையெழுத்து அட்டையைப் புதுசா எழுதிக் குடுத்தேன்."

"சரி உடுன்னயே?"

"வேறென்ன சொல்றது? ஒரு கையில விசிறீட்டு, ஒரு கையில கஞ்சி ஊட்டீட்டு இருந்த. அந்த நேரத்துல உங்கூடச் சண்டைக்கு நிக்க முடியுமா?" பையைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னாங்க உனக்கு?"

"நீதான். கோவிந்தராஜுலு சார் உன்னப் பஸ் ஸ்டாப்புல புடிச்சாரு. இன்னிக்குத் தங்கச்சிகிட்டச் சொல்லிடறேன்னு சொல்லிப்போட்டு வந்திருக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். எனக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அவள் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட என்னக்கா பயம் உனக்கு? அழுவேன்னா?"

"அழுதா அழுதுட்டுப் போற. அதுக்கில்ல."

"பின்ன?"

"'சரிக்கா, நாம பவானிக்குப் போலாம்'னு நீ சொல்லிருவியேன்னுதான்."

பஸ்ஸில் நான் போட்ட கணக்கை யாரோ சத்தம் போட்டுப் படித்ததுபோல இருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் சர்க்கரைப் பையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன வேண்டாமுன்னு இல்ல, கண்ணு. ஒரு ரூமுக்குள்ள நான் போறப்ப, ஒருத்தி வந்திருக்கான்னு ஒருத்தராச்சும் நெனைக்கோணும். அங்க நமக்குத் தெரிஞ்சவிங்க ஆருமில்ல. இன்னொருத்தி எங்கன்னு எவனும் கேக்க மாட்டான்."

எனக்கு வலித்தது. ஆனால் லேபில் என்னை இன்றுவரை ராமாமணி தங்கச்சி என்றுதான் சொல்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

"தனியா இருந்துக்குவியா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

"எனக்குந் தெரியல."

மறுப்புக் கடிதத்தை அவள் கிழிக்கவில்லை, என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். நான்தான் அதை இரண்டாகக் கிழித்தேன்.

அடுத்த ஞாயிறு வீடு பார்க்கப் போவதாகச் சொன்னாள். காலையில் கிளம்பி நின்றவள், செருப்பைப் போட்டுக்கொண்டு தயங்கினாள். "நீயும் வாரியா? ஆறு ரெண்டும் சேர்ற கூடுதொறை வரைக்கும் பாத்துட்டு வந்தர்லாம்." கூப்பிட வேண்டாம் என்று நினைத்திருந்தாள், வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தாலே அது தெரிந்தது. போக ஆசையாக இருந்தது. சேலைகூட மனதில் எடுத்து வைத்துவிட்டேன்.

"நீ போய்ட்டு வா" என்றேன்.

அன்றைய பகல் நீளமாக இருந்தது. பதினொரு மணிக்கே பசித்தது. அவளுக்குப் பசிக்கிற நேரம் அது இல்லை என்பதால் இத்தனை வருஷமும் நான் ஒரு மணிக்குத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறேன். தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டேன்.

பொழுது சாயும் நேரத்துக்கு வந்தாள். கால் அலம்பிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஊடு கெடைச்சிருச்சு. மாடியில ஒரு ரூமும் சமையக்கட்டும். கீழ ஊட்டுக்காரம்மா சுப்பாத்தாள்னு, வாய் ஓயாது. தண்ணி கொழாய்ல வருது. சமையக்கட்டுல பெரிய சன்னல்."

அவள் பார்த்த எதையும் நான் பார்க்காமல் இருந்ததில்லை. கண்ணை மூடி அந்தச் சமையலறையைக் கட்டிப் பார்த்தேன். அடுப்பை வைத்தேன், சன்னலைத் திறந்தேன்.

"சன்னல்ல ஆறு தெரியுமாக்கா?"

"இல்ல, அது தெக்கால பாத்த சன்னல். ஒரு முருங்கமரந்தான் தெரியும்."

நான் கட்டிய சமையலறையைக் கலைத்துவிட்டு, அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"சரி, மாடிப்படியில இருந்து சொல்லு" என்றேன்.