வம்சத்து நாக்கு

பிறந்து ஐந்தே நாளான நீன்கே வீறிட்டு அழுதாள். அவளைப் பார்க்க வந்த பதினோரு பேரும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு ரஸ்க், அதன்மேல் வெண்ணெய், அதன்மேல் இளஞ்சிவப்புச் சோம்பு மிட்டாய். கடித்தால் மிட்டாய் தரையில் உருண்டோடும், கடிக்காவிட்டால் மரியாதையில்லை. பிள்ளை பார்க்கப் போனால் எங்கள் ஊரில் இந்தத் தண்டனை உண்டு.

மாமியார் ரென்ஸ்கே, தான் வாங்கிவந்த பால்பவுடர் டப்பாவை மேசை நடுவில் வைத்தாள். மருமகள் யோரிண்டாவுக்கு முகம் சுண்டிவிட்டது. குழந்தை கவ்வும், வழுக்கும், அழும். மார்க்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. நாளைக் காலைத் தராசிலும் எடை இறங்கியிருந்தால் புட்டிதான் என்று முடிவாகியிருந்தது. தாய்ப்பால்தான் கொடுப்பேன் என்று மாதக்கணக்காக ஆசைப்பட்டவள் அவள்.

"சில பேருக்குப் பால் தண்ணியாத்தாம்மா இருக்கும். எனக்கும் அப்படித்தான். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?" என்றாள் ரென்ஸ்கே.

சொன்னவள் முகமே சிவந்திருந்தது. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் மகன் சீட்ஸே பிறந்தபோது, இதே மாதிரி ஒரு வட்டத்தில், ரஸ்க்கும் கையுமாக, அவளுடைய மாமியார் கொடுத்த பட்டம் அது. அவள் நம்பிவிட்டாள், பாவம்.

நீன்கே இன்னும் பெரிதாக வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், மாமனார் டௌவெ துள்ளி எழுந்தார்.

"அட, நாக்கைப் பாருங்க! நுனியில பள்ளம்! நம்ம வம்சம்டா இது!"

அந்த வீட்டு நாக்குகளின் நுனி நடுவில் உள்வாங்கியிருக்கும். உதட்டைத் தாண்டி வெளியே வராது. ஐஸ்கிரீமை நக்கத் தெரியாமல் கடித்துத் தின்பார்கள். அதில் ஒரு பெருமை வேறு! கல்யாணம் தவறாமல் வரிசையாக நின்று வாயைத் திறந்து படம் எடுத்துக்கொள்வார்கள். இப்போதும் டௌவெ, அவர் தம்பிகள், அக்கா, சீட்ஸே என்று ஏழு பேர் நாக்கை நீட்டப் பார்த்தார்கள். ஒன்றாவது வரவேண்டுமே! வீடே சிரித்து உருண்டது. பிரசவத் தையலைப் பிடித்துக்கொண்டு யோரிண்டாவும் சிரித்தாள். தரையெல்லாம் சோம்பு மிட்டாய்.

சிரிக்காதவள் மார்கா ஒருத்திதான். எட்டு நாளைக்கு வீட்டோடு வந்து தாயையும் பிள்ளையையும் கவனிக்கும் செவிலி. கையைக் கழுவி வந்து, குழந்தையின் நாக்கடியில் விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். பிறகு டார்ச்சை எடுத்து சீட்ஸேயின் வாயைப் பார்த்தாள். டௌவெயின் வாயையும் விடவில்லை.

நாக்கைக் கீழ்த்தாடையோடு ஒரு சவ்வு கட்டிப்போட்டிருக்கிறது, அது இழுப்பதால்தான் அந்தப் பள்ளம் என்றாள். இப்படி இருக்கிற எல்லோருக்கும் வெட்டவேண்டியதில்லை, குடிக்க முடியாமல் எடையும் இறங்குவதால் இவளை டாக்டரிடம் காட்டவேண்டும் என்றும் சொன்னாள்.

"அப்போ பாலு?" என்றாள் ரென்ஸ்கே.

"பாலுக்கு ஒரு குறையும் இல்ல. கவ்வி இழுக்க நாக்குதான் வரல."

"சீட்ஸே பொறந்தப்பவும் இதுதானா?"

"அன்னிக்கு நான் பாக்கலியேம்மா. ஆனா இந்த நாக்கைப் பாத்தா, ஒங்க மேல பழி போட மாட்டேன்."

நாக்கு அவர்களுடையது, பழி மட்டும் வாழவந்தவளுக்கு! இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

டௌவெக்கு வேறு கவலை. வெட்டிவிட்டால் வம்ச அடையாளம் போய்விடுமே என்று முனகினார். ரென்ஸ்கேயின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று எல்லோரும் பயந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய வழிய நிறுத்தமுடியாமல் சிரித்தாள்.

மறுநாள் டாக்டர் சவ்வை நறுக்கினார். தும்மி முடிப்பதற்குள் வேலை முடிந்தது. இரண்டு சொட்டு ரத்தம், ஒரு வீறல், அப்புறம் தாயின் மடி. நீன்கே விழுங்கும் சத்தம் அறைக்கே கேட்டது. யோரிண்டா வலிக்குமென்று கண்ணை மூடியிருந்தாள். வலிக்கவில்லை என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை, எடை ஏறியிருந்தது. வட்டம் மறுபடி கூடியது. அடையாளம் போன துக்கத்தில் டௌவெ காபிக்குப் பால் கேட்டார். ரென்ஸ்கே தான் வாங்கிவந்த அந்தப் பால்பவுடர் டப்பாவைப் பிரித்து, இரண்டு கரண்டி குவித்துப் போட்டுக் கலக்கி, எல்லோருக்கும் முன்னால் அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க. தண்ணியா இருக்காது."