அடைப்புக்குறிக்குள் ஒரு கடவுச்சீட்டு

1

இந்தக் கதை ஒரு சாப்பாட்டு மேஜைச் சண்டையில் பிறந்தது. “அந்த ஒரு வரியை விட்டுடு ரோத்துவா, எல்லாரும் நிம்மதியா சாப்பிடலாம்” என்றார் என் மேலதிகாரி விர்யோ ஐயா, எங்கள் மொழியில் பாக் விர்யோ. சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகவே சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

[ஜகார்த்தாவில் அன்று மழை —] வேண்டாம். இங்கே என்றைக்குத்தான் மழை இல்லை?

[மனித உரிமையையும் பெண்களின் உரிமையையும் தன் வெளியுறவுக் கொள்கையின் அடித்தளமாகக் கொண்ட ஒரு நாடு —] இது அமைச்சருக்கு நான் எழுதிக்கொடுத்த உரை. நல்ல கைதட்டல். கதைக்கு உதவாது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் வெளியுறவு அமைச்சகத்தில் ஒப்பந்தங்களுக்கு வரைவு எழுதுகிறவள். இரண்டு நாடுகள் பேசும்போது, ஒருவருக்குச் சம்மதமில்லாத சொற்களை அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்போம். கடைசி நாளில் சுத்தப் பிரதி எடுக்கும்போது, ஒத்துவந்தவற்றில் குறியை மட்டும் எடுப்போம், அதுவரை ஒத்துவராதவற்றைக் குறியோடு சேர்த்துத் தூக்கி எறிவோம். தொழில் பழக்கம் போகாது. இந்தக் கதையிலும் எனக்கே சம்மதமில்லாதவை குறிக்குள் கிடக்கின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக்குக் காரணமான வரி இதுதான்:

[பணிப்பெண்ணின் கடவுச்சீட்டு அவள் கையிலேயே இருக்கும், நாடு திரும்ப முதலாளியின் சம்மதம் தேவையில்லை, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.]

2

வார்சினி ஜாவாவின் இந்தரமாயு ஊர்க்காரி. நாங்கள் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் நாட்டில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். அடி தாங்காமல் வெளியேறி, முதலாளிமேல் புகார் கொடுத்துவிட்டு, எங்கள் தூதரகத்தின் காப்பகத்தில் இருக்கிறாள். கடவுச்சீட்டு முதலாளியின் பீரோவில். புகாரை வாபஸ் வாங்கினால் தருவேன் என்கிறான். தூதரகம் வேறு பயணத்தாள் கொடுத்தாலும் அவன் சம்மதமில்லாமல் விமானம் ஏற முடியாது. அந்த நாட்டுச் சட்டம் அப்படி.*

*நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

இந்த இடத்தில் அவள் தோளிலிருக்கும் [தழும்பைப் பற்றி ஒரு பத்தி] எழுதியிருந்தேன். தொலைபேசியில் படித்துக் காட்டியதும் அவள் தடுத்துவிட்டாள். என்னை இபு, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவாள்.

“அதை எடுத்துருங்க இபு. படிக்கிறவங்க என்னை விட்டுட்டு அதையேதான் பாத்துட்டிருப்பாங்க.”

“சரி, வேற என்ன எழுதட்டும்?”

“நல்லா சமைப்பேன்னு எழுதுங்க. நீங்க அந்த ஒரு வரியிலயே நிக்கிறீங்க. நான் அதுக்குள்ள இங்க எத்தனை பானை சோறு வடிச்சிட்டேன் தெரியுமா?”

நன்றாகச் சமைப்பாள். எழுதிவிட்டேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னாள். “என் மக என் தங்கச்சியைத்தான் அம்மாங்கிறா. போன்ல என்னை பெரியம்மான்னு கூப்பிடுறா. சீக்கிரம் பாருங்க இபு.” பார்க்கிறேன் என்று சொன்னேன். அரசாங்கத்தில் வேலை பார்க்கிறவள் லேசில் சொல்லக் கூடாத வார்த்தை அது. சொல்லித் தொலைத்துவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

3

நவால் என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். எதிர்த்தரப்புக் குழுவின் தலைவி. முதலில் அவளை [கல் நெஞ்சக்காரி] என்று எழுதினேன். அது என் கோபம். அடுத்து [மனத்துக்குள் எங்கள் பக்கம் இருப்பவள்] என்று மாற்றினேன். அது என் ஆசை. இரண்டையும் விட்டுவிட்டு, பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மூன்று நாளும் மேஜையில் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: “இது எங்க வீட்டு விவகாரம். எங்க தலைநகரம் ஒத்துக்காது.”

“வீடு உங்களோடது, ஒத்துக்கிறேன். பாஸ்போர்ட் எங்க நாட்டோடது” என்றேன். நான் சுமத்ராவின் பத்தாக்கு இனத்துக்காரி, சாதாரணமாகப் பேசினாலே சண்டைபோல் கேட்கும். பக்கத்தில் பாக் விர்யோ இருமினார். அவர் ஜாவாக்காரர், அவருடைய இருமலுக்கு ‘வாயை மூடு’ என்று பொருள்.

மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் நவால் என் அருகே வந்து நின்றாள்.

“நீங்க ஒருத்தியை மனசுல வச்சுக்கிட்டுத்தான் பேசுறீங்க. அவ பேரென்ன?”

“வார்சினி.”

தலையாட்டினாள். தேநீரை முழுதும் குடித்துவிட்டுப் போய்விட்டாள். மறுபடி உட்கார்ந்ததும் அதே பதில்தான்.

4

இந்தத் தடவை சுத்தப் பிரதி எடுக்கும் பொறுப்பு அவர்களுடையது. புதன்கிழமை மாலை பிரதி வந்தது. வழக்கமான குறிப்பும் கூடவே இருந்தது: நாளை நண்பகலுக்குள் எந்தத் தரப்பிலிருந்தும் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.*

*மௌனம் என்றால் சம்மதம். பெண்கள் விஷயத்தில் உலகம் காலங்காலமாக இப்படித்தான் நடந்துவருகிறது. அதனால் எங்களுக்கு ஒரு நன்மை வரப் பார்த்தது இப்போதுதான்.

ஏனென்றால் பிரதியில் அடைப்புக்குறியை மட்டும் எடுத்திருந்தார்கள். உள்ளே இருந்த வரி அப்படியே இருந்தது. ஒரு சொல்கூடக் குறையவில்லை. அடியில் நவாலின் கையொப்பம்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மறுநாள் காலை பாக் விர்யோ தன் அறைக்குக் கூப்பிட்டார். பதினொன்றரை மணி.

“இது கைப்பிழை ரோத்துவா. அவங்ககிட்ட சொல்லிடணும்.”

“கைப்பிழைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“மூணு நாளா மாட்டேன்னவங்க ஒரே ராத்திரியில மனசு மாறிட்டாங்களா? சரி, நீயே கேட்டுப் பாரேன்.”

“கேக்க மாட்டேன் பாக். கைப்பிழையா இருந்தா, கேட்டதும் வரி போச்சு. வேணும்னே விட்டிருந்தா, அந்தப் பொம்பளைக்கு வேலை போச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை வருஷமா நான் காப்பாத்தினது பேரை மட்டும்தான். அடுத்தவன் தப்புல ஆதாயம் பாத்தா, நாளைக்கு நம்ம காகிதத்தை எவன் நம்புவான்? நம்பிக்கை போனா, அடுத்து வர்ற வார்சினிக்கு என்ன வச்சுப் பேசுவே?”

இதை [சாக்குப்போக்கு] என்று எழுதினேன். இல்லை. மனிதர் மனத்திலிருந்து பேசினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

5

முடிவுக்கு வந்துவிட்டேன். கையில் இரண்டு இருக்கின்றன.

[முடிவு ஒன்று: பாக் விர்யோ நவாலை அழைத்துச் சொல்கிறார். மன்னிப்பு, நன்றி, இனிய சொற்கள். வரி நீங்குகிறது. அமைச்சர் கையெழுத்திடுகிறார். பெண்களின் உரிமை என்று தொடங்கும் உரையை நான்தான் —] எழுதமாட்டேன். கை வரவில்லை.

[முடிவு இரண்டு: நண்பகல் தாண்டுகிறது. வரி நிலைக்கிறது. வார்சினி விமானம் ஏறுகிறாள், மகள் ஓடிவந்து —] இதுவும் ஆகாது. ஓடிவரமாட்டாள். அந்தக் குழந்தைக்கு இவள் யாரென்றே தெரியாது. நவாலைத் தலைநகரத்துக்குத் திருப்பி அழைத்துவிட்டால் அதை யார் எழுதுவது?

ஆகவே நடந்ததை நடந்த இடம்வரைக்கும் சொல்கிறேன். பாக் விர்யோ நவாலின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். நான் என் தொலைபேசியில் காப்பகத்தை அழைத்து, அவருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். மறைக்கவில்லை, கைப்பிழையாக இருக்கலாம் என்றும் சொன்னேன், பாக் விர்யோ பயப்படுவது எதற்கு என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

“பாக்,” என்றாள் வார்சினி. முதல்முறையாக அவரிடம் பேசுகிறாள். “எங்க முதலாளி ஒருநாள் பீரோவைப் பூட்ட மறந்துட்டுப் போயிட்டாரு. என் பாஸ்போர்ட் கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு. திருடின்னுடுவாங்களேன்னு நான் தொடலை. மரியாதையா கதவைச் சாத்திட்டு, மறந்துட்டீங்க ஐயான்னு அவர்கிட்டயே போய்ச் சொன்னேன். அன்னையிலேர்ந்து அவர் பூட்ட மறந்ததே இல்லை.”

நவாலின் எண் பாக் விர்யோவின் திரையில் இருந்தது. கட்டைவிரல் அதற்குமேல் இருந்தது.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அந்த விரலை நான் அசைத்தால் அது என் கதை ஆகிவிடும். உங்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும். வெளியுறவுக் கொள்கை என்றால் என்னவோ கொடியும் கம்பளமும் என்று இருந்துவிடாதீர்கள். சில நாள் அது ஒரு மேஜை, இரண்டு தொலைபேசி, பன்னிரண்டடிக்கப் பத்து நிமிஷம், அவ்வளவுதான். பாக் விர்யோவின் நாற்காலியில் இப்போது உட்காருங்கள்.

வரியை எடுத்துவிடுவதுதான் முறை என்று நினைக்கிறீர்களா? தாராளமாக நினைக்கலாம். ஆனால் என்னிடம் சொல்லாதீர்கள், நவாலிடமும் வேண்டாம். காப்பகத்தோடு இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. வார்சினி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவளிடமே சொல்லுங்கள்.