முதல் அடியை யார் பார்த்தது

சட்டை தைக்கும் கம்பெனியின் பின்பக்கம், துணிக் கிடங்கை ஒட்டி இருந்தது குழந்தைகள் காப்பகம். ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, பதினோரு குழந்தைகள். விளையாட்டுச் சாமானே இல்லை என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. மூன்று சக்கர சைக்கிள், ரப்பர் குதிரை, நடைவண்டி எல்லாம் இருந்தன. கண்ணாடி அலமாரிக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். சோதனைக்கு வெளியாட்கள் வரும் நாளில் மட்டும் அலமாரி திறக்கும். அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியதும் மறுபடி பூட்டு. சாவி ஆபீஸில்.

"அந்தக் குதிரை இன்னும் நம்மள விடப் புதுசா இருக்கு" என்பாள் காப்பகத்து அக்கா, பால் காய்ச்சும் அம்மாவிடம்.

அக்காவுக்கு அந்த அலமாரியைப் பற்றிக் கவலையே கிடையாது. அவளுக்கு வேண்டியது எல்லாம் குப்பைக்குப் போகிற வழியில் கிடைத்தது. நூல் தீர்ந்த அட்டைக் கூம்புகளை நிறுத்தி வைத்து, கந்தல் பந்தை உருட்டி விழ வைக்க ஒரு ஆட்டம். துணி ஓரம் வெட்டிய நீள நாடாவைத் தரையில் வளைத்து வளைத்துப் போட்டால் அதன் மேல் கால் மாறாமல் நடக்க ஒரு ஆட்டம். மேஜைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வர வேண்டும். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குவளையில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். சிந்தினால் சிந்தட்டும், துடைப்பதும் ஓர் ஆட்டம்தான். மத்தியானம் சாப்பாட்டுக்குள் பதினோரு பேரும் வியர்த்து வழிந்து, சொல்லாமலே தூங்கிவிடுவார்கள். போனைக் கையில் கொடுத்து உட்கார வைக்கிற வேலையே அங்கே கிடையாது.

இந்தப் பதினோரு பேரில் ஒருவன்தான் மூட்டை. ஒன்றரை வயசு. வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருப்பான் என்பதால் அந்தப் பெயர். அவன் அம்மா மூன்றாவது வரிசையில் காலர் தைக்கிறவள். எட்டு மாசத்தில் பிறந்த பிள்ளை. தரையில் விட்டாலே அவளுக்கு உயிர் போய்விடும். "அக்கா, விழுந்துறப் போறான்க்கா" என்பதுதான் அவள் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை.

அக்கா ஓர் அட்டைப்பெட்டியில் துணித்துண்டுகளை அமுக்கி நிரப்பி, மூட்டையின் முன்னால் வைத்தாள். பெட்டி காலியாக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், பையன் மூக்கு உடையும். கனம் இருந்தால் அவன் தள்ளுகிற அளவுக்குத்தான் நகரும். முதல் வாரம் பெட்டியைப் பிடித்து நின்றான். அடுத்த வாரம் தள்ளினான். பிறகு ஒரு நாள் காலை, பெட்டி சுவரில் முட்டி நின்றதும், அவன் அதை விட்டுவிட்டுத் திரும்பி, கையை விரித்துக்கொண்டு ஆறு அடி நடந்து அக்காவின் மடியில் வந்து விழுந்தான். பால் காய்ச்சும் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுக் கை தட்டினாள்.

"வாயைத் திறந்தீங்க, அவ்ளோதான்" என்றாள் அக்கா.

அது அக்காவின் சட்டம். வேலைக்கு வந்த புதிதில், வாய் கொள்ளாத சந்தோஷத்தோடு ஒரு தாயிடம், "உன் பொண்ணு இன்னிக்கு நடந்துட்டாடி!" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது. "நான் பாக்கலையே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மிஷினுக்குப் போனாள். அன்றிலிருந்து அக்கா எதையும் சொல்வதில்லை. "இன்னிக்கோ நாளைக்கோ நடந்துருவான் போல இருக்கு, வீட்ல கண்ணை வச்சுக்கோ" என்பதோடு சரி. இரண்டு நாளில் தாய்க்காரி குதித்துக்கொண்டு வருவாள்: "அக்கா, நேத்து நடந்துட்டான்!" அக்கா நெஞ்சில் கை வைத்து, "அடி ஆத்தி, நெஜமாவா!" என்பாள். அந்த நடிப்புக்குப் பரிசு கொடுக்கலாம்.

ஆனால் காலர்காரி குதித்துக்கொண்டு வரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அக்காவும் தினம் ஜாடை மாடையாகச் சொல்லிப் பார்த்தாள். மூட்டை இங்கே அறையை அளந்துகொண்டிருந்தான். சாயங்காலம் இடுப்பில் ஏறினால் மறுநாள் காலை இடுப்பிலிருந்துதான் இறங்கினான்.

மூன்றாவது வாரம் கடந்து ஒரு டீ இடைவேளையில் காலர்காரி வந்து, பையனைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, இந்த வாரத்தோட நான் நின்னுக்கறேன். லெட்டர் எழுதிட்டேன். சாயங்காலம் ஆபீஸ்ல குடுக்கணும்."

"என்னடி சொல்ற? போன மாசம்தானே உன்னை லைன்லயே முதல் ஆளுன்னு சொன்னாங்க?"

"இவன் நடக்கலையேக்கா. என் நாத்தனார் பொண்ணு பத்து மாசத்துல ஓடுச்சு. குறை மாசத்துல பெத்ததும் இல்லாம, விட்டுட்டு வேலைக்கு வேற போறியே, நீயெல்லாம் ஒரு தாயான்னு கேக்கறா. ராத்திரில்லாம் அவன் காலைப் பிடிச்சுப் பாத்துட்டே இருக்கேன். எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குக்கா. ஆனா இவன் கால்தானே முக்கியம்?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அக்கா செய்த நல்ல காரியம் இந்தப் பெண்ணின் தலையில் இடியாக இறங்கிக்கொண்டிருக்கிறதே! "ஏம்மா, அவன் நடக்கறான்டி. நல்லாவே நடக்கறான்" என்றாள்.

"சும்மா சொல்லாதீங்கக்கா."

"இறக்கி விடு, பாரு."

இறக்கிவிட்டாள். மூட்டை அம்மாவை அண்ணாந்து பார்த்தான், பொத்தென்று உட்கார்ந்தான், இரண்டு கையையும் தூக்கினான். அம்மா வந்துவிட்டால் அவன் எதற்கு நடக்க வேண்டும்? அக்கா பெட்டியை வைத்தாள், பந்தை உருட்டினாள், தானே தவழ்ந்தும் காட்டினாள். மகராசன் கை தூக்கியது தூக்கியபடி. மணி அடித்தது.

"என்னை சமாதானப்படுத்தறீங்கன்னு தெரியுது. உங்க நல்ல மனசுக்கு ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுக் காலர்காரி போனாள். அந்த நன்றி அக்காவைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். குழந்தைகளைப் பால் காய்ச்சும் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு நாளும் கால் வைக்காத தையல் கூடத்துக்குள் நேரே நடந்தாள். சூப்பர்வைசர் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலர்காரியை அஞ்சு நிமிஷம் அனுப்புங்க சார்."

"வெளையாடறீங்களா? காலர் நின்னா மொத்த லைனும் நிக்கும்."

"இன்னிக்கு அஞ்சு நிமிஷம் நிக்கட்டும். இல்லைன்னா திங்கக்கிழமையில இருந்து காலர் தைக்க ஆளே இல்லை. எது வசதி?"

அவர் காலர்காரியின் சிவந்த கண்ணைப் பார்த்தார். பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "எந்திரிம்மா" என்று அவள் மிஷினில் தானே உட்கார்ந்தார். "சீக்கிரம் வந்துரு. நான் தச்சா அதைப் பிரிக்க வேற ஒரு ஆள் வேணும்."

அக்கா அவளை முன்வாசல் வழியாகக் கூட்டிப் போகவில்லை. கிடங்கின் உள்ளே போய், துணிச் சுருள்களுக்கு நடுவே, காப்பகத்துக்குள் திறக்கும் கதவை ஒரு விரல் அளவு தள்ளினாள். "சத்தம் போடாதே. என்ன ஆனாலும் உள்ள ஓடாதே. எனக்கு சத்தியம் பண்ணு."

மூட்டை பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். பெட்டியில் இரண்டு வயசுப் பெண் ஒருத்தி சவாரி செய்துகொண்டிருந்தாள். சுவர் வந்தது, பெட்டியை விட்டான். திரும்பினான். கூம்புகளுக்கு நடுவே புகுந்து நடந்தான். ஒரு கூம்பு தடுக்கி முட்டி போட்டு விழுந்தான். காலர்காரியின் கை கதவுக்குப் பாய்ந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். பையன் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பால் காய்ச்சும் அம்மாகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது என்ன பயன் என்று தோன்றியது போல, தரையில் கை ஊன்றி எழுந்து, அந்தக் கூம்பை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேலே நடந்தான்.

காலர்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

முந்தானையை வாயிலிருந்து எடுத்து, "எத்தனை நாளாக்கா?" என்றாள்.

"இருபத்தி மூணு நாள்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "இருபத்தி மூணு நாளா நான் அழுதுட்டு இருந்தேன். நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

"முதல்ல பாக்கறது நீயா இருக்கணும்னு நெனச்சேன்டி. பெத்தவ நீ. உன் வீட்ல நடப்பான், நீ பாப்பேன்னு..."

"என் வீட்ல எங்கக்கா நடப்பான்? கட்டில், அடுப்பு, பீரோ, தண்ணிக் குடம். நானே ஒருக்களிச்சுத்தான் நடக்கணும்."

அத்தனை தாய்மாரிடமும் "வீட்ல பாத்துக்கோ" என்று சொன்ன அக்கா, வீட்டில் தரை இருக்கிறதா என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை. "கட்டிலைப் பகல்ல செவுத்துல சாச்சு வச்சுரு. கொஞ்சம் தரை கிடைச்சாப் போதும். பெட்டி நான் தரேன்" என்றாள்.

"கட்டிலையே தூக்கி வெளிய போட்டுடறேன்." காலர்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யார் முதல்ல பாத்தா என்னக்கா? அவன் நடந்தாச் சரி. நான் அங்க உக்காந்து தச்சுட்டு இருக்கேன். இந்நேரம் எம்புள்ள என்ன பண்றான்னு தெரிஞ்சா நான் பாட்டுக்குத் தச்சுட்டு இருப்பேன். பாக்கக் குடுத்து வைக்கலைன்னாலும் காதால கேக்கவாவது விடுங்க. இனிமே எது நடந்தாலும் சொல்லிருங்க."

"சொல்றேன். லெட்டரு?"

"குடுக்கல" என்று சொல்லி அவள் தையல் கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

அக்கா அவள் தோளைத் தொட்டாள். "இரு. இன்னொண்ணும் இருக்கு."

"இன்னும் என்னக்கா?"

"அம்மான்னு கூப்பிடறான். போன திங்கக்கிழமையில இருந்து. நீ விட்டுட்டுப் போனதும், கதவைப் பாத்து."

காலர்காரி திரும்பி வந்தாள். வீட்டில் அவன் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவதற்கு அவள் ஒரு நிமிஷம் கூட அவனை விட்டு நகர்ந்ததில்லை. கூடத்திலிருந்து சூப்பர்வைசர் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது.

"எப்படிக்கா கூப்பிடறான்?" என்றாள்.

அக்கா கதவைப் பார்த்துத் திரும்பி நின்று, அந்தக் குழந்தை கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுக் காட்டினாள்.