மூன்று பி, பதினேழு

"பேரு எழுத வேணாம்னுதானடி ஒகுமுரா சார் சொன்னாரு?" என்றாள் என் தோழி சயோரி.

"பேரு எழுதல. பழக்கதோஷத்துல மூலையில மூணு பி, பதினேழுன்னு போட்டுத் தொலைச்சிட்டேன்!"

"அடிப்பாவி, அதுக்குப் பேரையே எழுதியிருக்கலாம்!"

நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு, பி பிரிவில் என் வரிசை எண் பதினேழு. அன்று சமூக அறிவியல் வகுப்பில் மனித உரிமைப் பாடம். நம் பள்ளியில் எந்த விதி உரிமையை மீறுகிறது என்று எழுதச் சொன்னார் ஒகுமுரா சார். என் முடி பிறவியிலேயே பழுப்பு. கறுப்பு முடிதான் விதி என்று அதற்குச் சாயம் பூசச் சொல்லி விரட்டும் எங்கள் வகுப்பாசிரியர் ஃபுவா சாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அடுத்த வருடம் நாங்கள் சேரப்போகும் மேல்நிலைப் பள்ளிக்கு எங்கள் நடத்தையைப் பற்றி எழுதி அனுப்புவதே அவர்தான்!

மாலையில் ஒகுமுரா சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பயப்படாதம்மா, இன்னும் யாருக்கும் காட்டல. நாளைக்கு ஆசிரியர் கூட்டம். இதை வாசிச்சா விதியை மாத்த வாய்ப்பிருக்கு. ஆனா எண்ணை அழிச்சாலும் நீதான்னு ஃபுவா சார் கண்டுபிடிச்சிடுவாரு. வாசிக்கவா, கிழிச்சிடவா?"

காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?