இரண்டு காளைக்கும் ஒரே திமில்

எங்கள் பக்கம் காதுகுத்துக்கு நாள் குறிப்பது சுலபம். ப்ளெக்ஸில் யார் முகத்தை எங்கே போடுவது என்பதுதான் தலைவலி. ஒன்றுவிட்ட சித்தப்பாவின் தலை கொஞ்சம் சின்னதாகிவிட்டால் போதும், மனிதர் பந்தியில் கைகூட நனைக்காமல் போய்விடுவார். என் மகள் பவதாரிணியின் காதுகுத்தில் எனக்கு வந்த சிக்கல் அதைவிடப் பெரியது. அவளுக்குத் தாய்மாமன்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

மூத்தவர் கருத்தக்கண்ணன் அண்ணன். சமயநல்லூரில் டயர் கடை வைத்திருக்கிறார். இளையவன் அழகுபாண்டி, அதே ஊரில் தோட்டத்தையும் காளையையும் பார்த்துக்கொள்கிறான். காளை இருவருக்கும் பொது. முந்தின வருஷம் ஜல்லிக்கட்டில் அது வாடிவாசலைத் தாண்டி யார் கையிலும் சிக்காமல் போனபோது, மைக்கில் "கருத்தக்கண்ணன் மாடு வெற்றி!" என்று மட்டும் சொன்னார்கள். பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, கண்மாயில் நீச்சல் பழக்கியவன் தம்பி. "தம்பி பேரையும் சொல்லுங்கன்னு அண்ணன் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அன்றைக்கு முறுக்கிக்கொண்டவன்தான். அண்ணனும் இறங்கி வரவில்லை.

ப்ளெக்ஸில் ஒருவர் படம் முதலில் வந்தால் மற்றவர் வரமாட்டார். மகளைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கும்போது ஒரு மாமன் இல்லையென்றால், அந்தப் பேச்சு அவள் கல்யாணம்வரை கூடவே வரும். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நான் வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே கணக்குப் பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறவள். என் மென்பொருளில் மவுஸைப் பிடித்து எதையும் வரைய முடியாது. கட்டளையாக எழுத வேண்டும், அது அச்சுப் பக்கமாக வந்து நிற்கும். சமன்பாடும் அப்படித்தான், கார்ட்டூன் விலங்கும் அப்படித்தான். கரடி, ஆந்தை, பசு என்று யாரோ புண்ணியவான்கள் எழுதிவைத்த கட்டளைகள் இருக்கின்றன. கட்டளைக்குப் பக்கத்திலேயே தொப்பி, கண்ணாடி, நிறம் என்று நமக்கு வேண்டியதைச் சேர்த்தால் அந்த அலங்காரத்தோடு வரும். முகமே வேண்டாம், சொந்தக்காரர் எல்லாரையும் விலங்காகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"காதுகுத்துக்கு மாட்டையும் கரடியையும் போட்டா ஊரே சிரிக்கும்" என்றார் என் கணவர் பாண்டியராஜன்.

"சிரிக்கட்டுமே. அடிச்சுக்கிறதுக்கு அது தேவலைங்க."

அவரைக் கண்ணாடி போட்ட கரடியாக்கிக் காட்டினேன். அதற்கப்புறம் மனிதர் தொப்பையை மட்டும் குறைக்கச் சொன்னார்.

நடுவில் என் மகள், மஞ்சள் கோழிக்குஞ்சாக. அவளுக்குக் கீழே சமமாக இரண்டு காளைகள், மாமன்கள். அந்தக் கட்டளையில் வந்த மாட்டுக்குத் திமிலே கிடையாது. திமில் இல்லாத மாட்டை மதுரையில் எந்த முகத்தோடு காட்டுவது? நானே ஒரு வளைகோடு எழுதி, அதன் உயரத்துக்கு ஓர் எண்ணும் வைத்தேன். அண்ணனுக்கு மீசை, தம்பிக்குப் பச்சைத் துண்டு. படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

முதலில் அண்ணன் கூப்பிட்டார். "படம் நல்லாத்தான் இருக்கு ரோகிணி. என் மாட்டுக்குத் திமில் இம்புட்டுத்தானா?"

எண்ணைக் கூட்டினேன். உடனே தம்பி வந்தான். "அக்கா, அவருக்கு மட்டும் எதுக்கு அம்புட்டுப் பெருசு?"

அவனுக்கும் கூட்டினேன். மறுபடி அண்ணன், மறுபடி தம்பி. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இரண்டு காளைக்கும் தனித்தனியாக இருந்த எண்களை அழித்தேன். 'மாமன்திமில்' என்று ஒரே பெயர் வைத்து இரண்டையும் அதிலேயே கட்டிப்போட்டேன்.

அண்ணன் இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கூட்டினேன். "ஏத்தா, அவனுக்கும் சேர்ந்து கூடிருச்சே?"

"அப்படித்தாண்ணே எழுதியிருக்கேன். கூடினா ரெண்டு பேருக்கும் கூடும். குறைஞ்சா ரெண்டு பேருக்கும் குறையும்."

"பிரிச்சு எழுத முடியாதா?"

"முடியும். எழுத மாட்டேன்."

அவர் வீம்புக்கு இன்னும் கூட்டச் சொன்னார். தம்பியும் சளைக்கவில்லை. கடைசியில் இரண்டு திமிலும் மேலே ஏறிக் கோழிக்குஞ்சின் முகத்தை மறைத்துவிட்டன. அதை அப்படியே குழுவில் போட்டு எழுதினேன்: "நாளைக்கு இதுதான் ப்ளெக்ஸ் கடைக்குப் போகுது. குறைக்கணும்னா ரெண்டு பேரும் பேசி, சேர்ந்து சொல்லுங்க."

"இப்படியே அச்சடிச்சு வந்துடப் போகுது" என்று கணவர் பயந்தார். வராது என்றேன். எனக்கு என் அண்ணன் தம்பியைத் தெரியும். ஆனாலும் அன்று மதியம் சாப்பிடும்போதும் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம் அண்ணனின் போன். பின்னால் காளையின் கழுத்துமணி கேட்டது. அப்படியென்றால் அவர் தோட்டத்தில் நிற்கிறார்!

"திமிலைக் குறைச்சிரு ரோகிணி. பிள்ளை மொகமே தெரியல."

"தம்பிகிட்டக் கேட்டீங்களா?"

"பக்கத்துலதான் நிக்கிறான்."

போன் கைமாறியது. "பாதியாக் குறைச்சிரு அக்கா. மாடு மாதிரியா இருக்கு? ஒட்டகம் மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் எண்ணை மாற்றினேன். கண்ணில் நீர் நின்றதால் இரண்டு முறை தப்பாக அடித்தேன். இரண்டு காளைகளும் ஒன்றாக அடங்க, குஞ்சின் மூக்கு வெளியே வந்தது.

காதுகுத்தன்று கோயில் வாசலில் அந்த ப்ளெக்ஸ் நின்றது. மேளம் முழங்க இரண்டு பேரும் சீர்த்தட்டோடு வந்தார்கள். மைக்செட்காரர் ஆரம்பித்தார்: "தாய்மாமன் சமயநல்லூர் கருத்தக்கண்ணன் அவர்கள் சீர்..."

அண்ணன் நின்றுவிட்டார். தட்டை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, நேராக மைக்கிடம் போனார்.

"ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லுப்பா."

"சரிண்ணே. மொதல்ல எந்தப் பேரு?"

"தம்பி பேரு."

அழகுபாண்டியின் பெயர் ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது. அவன் சீர்த்தட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறுகையால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அன்றைக்கும் பச்சைத் துண்டுதான் போட்டிருந்தான்.